ஓமன் மலையில் சேலத்து வெள்ளைக்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஓமன் சுற்றுலா பற்றி முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இங்கே மஸ்கட்டில் உங்கள் அச்சுத்தாள் எனக்குக் கிடைக்காது. சேலத்திலிருந்து மகள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, 'அப்பா, உங்க ஊரு பேப்பர்ல வந்திருக்கு' என்று அனுப்பினாள். உங்க ஊராம்! 22 வருடமாக, ஆண்டுக்கு ஒரு மாதம் விருந்தாளி மாதிரி வீட்டுக்குப் போய் வருகிறவனுக்கு அப்படித்தான் ஆகிவிடுகிறது. சரி, அது வேறு கதை.

கட்டுரையில் பெரிய குறை ஒன்றும் இல்லை. பெரிய மசூதி, மத்ரா கடைவீதி, சாம்பிராணி, அல்வா எல்லாம் சரியாகவே வந்திருக்கின்றன. ஆனால் கடைசிப் பத்தியில், நகரத்தைத் தாண்டினால் மணலும் ஒட்டகமும்தான், பார்க்க வேறு ஒன்றுமில்லை, மூன்று நாள் தாராளமாகப் போதும் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். வெள்ளத்தைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சாலைப் பணிகளில் சர்வேயர். 2003இல் இங்கே வந்தேன். வந்து மூன்று மாதம் வரை மணல் மேட்டையே நான் பார்க்கவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். விமானம் இறங்கும்போதே ஜன்னலில் தெரிந்தது மலைதான். புல் பூண்டு இல்லாத, கரியைப் போட்டுத் தேய்த்தது போன்ற பழுப்பும் கறுப்புமான மலை. மஸ்கட் நகரமே அந்த மலைகளின் இடுக்கில்தான் இருக்கிறது. உலகத்துப் பாலைவனங்களை எல்லாம் சேர்த்தால் மணல் மூடிய பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதி கல்லும் பாறையும் சரளையும். ஓமனிலும் மணல் உண்டு. கிழக்கே ஷர்கியா மணல்வெளி, மேற்கே ரூப் அல் காலி என்ற பெரும் மணற்பாலைவனத்தின் ஓரம். ஆனால் வடக்கே கடலை ஒட்டி, வில்லை வளைத்தது போல 700 கிலோமீட்டருக்குக் கிடக்கிறது ஹஜர் மலைத்தொடர். நம் முன்னோர் 'பாலை' என்று சொன்னதும் மணலை அல்லவே. மலையும் காடும் வெயிலில் காய்ந்து வேறு முகம் கொண்டால் அதற்குப் பெயர் பாலை. அந்தக் கணக்கில் பார்த்தால் ஹஜர் மலைதான் சரியான பாலை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு மலைச்சாலைக்குக் கட்டிங் எடுத்துக்கொண்டிருந்தோம். வெடி வைத்து, எக்ஸ்கவேட்டர் வாரிப்போட்ட பிறகு, பாறை முகத்தில் மட்டம் பார்ப்பது என் வேலை. டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வழியாகப் பார்க்கும்போது கறுப்புப் பாறைக்குள் வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடுவது தெரிந்தது. கருவியை விட்டுவிட்டு நேரே போய்ப் பார்த்தேன். விரல் தடிமனில் சில, கை அகலத்தில் சில. கிளை பிரிந்து, மறுபடி சேர்ந்து, வலை பின்னியிருந்தது. ஒரு துண்டை உடைத்தேன். பீங்கான் கோப்பை உடைந்தால் வருமே, அந்த மாதிரி வழவழவென்று முகம் காட்டியது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது வெள்ளைக்கல்.

என் அப்பா ஏற்காடு அடிவாரத்துக்கு இந்தப் பக்கம், வெள்ளைக்கல் சுரங்கத்தில் 30 வருடம் வேலை பார்த்தவர். மாக்னசைட் என்பது ஆபீஸ்காரர்கள் சொல்லும் பெயர். எங்கள் வீட்டில் வெள்ளைக்கல்தான். இரும்பு ஆலை உலைக்குள் பதிக்கும் செங்கலுக்குப் போகிற கல். பச்சை கலந்த கரும்பாறைக்குள் இதே மாதிரி நரம்பு நரம்பாகத்தான் கிடக்கும். சிறு வயதில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனால், ஆட்கள் குந்தி உட்கார்ந்து சுத்தியலால் கரும்பாறை ஒட்டைத் தட்டி எடுத்து, வெள்ளையை மட்டும் தனியாகக் குவித்துக்கொண்டிருப்பார்கள். மாலையில் அப்பா வீடு திரும்பும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். சுண்ணாம்புக்கல்லா வெள்ளைக்கல்லா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு ஆசிட் விடச் சொல்வார். சுண்ணாம்புக்கல் சீறும், வெள்ளைக்கல் சும்மா இருக்கும். நானும் பிக்கப்பின் பேட்டரி ஆசிட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சும்மா இருந்தது. ஆனால் நான்கடி தள்ளி இன்னொரு நரம்பில் விட்டேன், சுர்ரென்று நுரைத்தது. இரண்டும் கலந்து கிடக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். ஏன் என்பதுதான் தெரியவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது. குளிர்காலம் வந்தால் ஐரோப்பாவிலிருந்து புவியியல் மாணவர்கள் கூட்டமாக இங்கே வருவார்கள். தோளில் பை, இடுப்பில் சுத்தியல், வெயிலில் வெந்து சிவந்த முகம். ஒருநாள் நெடுஞ்சாலையோர மலையாளி டீக்கடையில் அப்படி ஒரு கூட்டம். அவர்களை அழைத்து வந்த ஆசிரியரிடம், என் உடைந்த ஆங்கிலத்தில், 'எங்கள் ஊரில் இந்தக் கல் இருக்கிறது, இங்கே எப்படி வந்தது?' என்று கேட்டுவிட்டேன். மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டு, மேஜை விரிப்பாகப் போட்டிருந்த காகிதத்திலேயே படம் போட ஆரம்பித்தார். ஒரு மணி நேரம்! அன்றைக்கு அவர் சொன்னதும், அப்புறம் நானாகத் தேடிப் படித்ததும் இதுதான்.

நான் வெட்டிக்கொண்டிருந்தது மலையே அல்ல, கடலின் அடித்தரை. ஏறக்குறைய 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலுக்கு அடியில் உருவான தரை. பொதுவாகக் கடல்தரை கண்டத்தின் மேல் மோதினால் அடியில் போய் அமுங்கிவிடும். இங்கே எப்படியோ கண்டத்தின் மேல் ஏறிப் படுத்துவிட்டது. கடல்தரை மட்டுமல்ல, அதற்குக் கீழே இருந்த பூமியின் கவசப் பகுதியும் சேர்ந்தே வந்தது. பள்ளிக்கூடத்தில் மேலோடு, கவசம், கரு என்று முட்டை மாதிரி வட்டம் போட்டுப் படிப்போமே, அந்தக் கவசம். அதன் பாறைக்குப் பெரிடோடைட் என்று பெயர். நீர் பட்டுப் பட்டுப் பச்சையும் கறுப்புமாகப் பாம்புச் சட்டை போல மினுக்கும். இந்த வகைப் பாறைத் தொகுதிக்கு ஓஃபியோலைட் என்று பெயர் வந்ததே பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான். உலகில் வேறு இடங்களிலும் இது உண்டு, ஆனால் இத்தனை பெரிதாக, இத்தனை சுத்தமாக, மேலே ஒரு செடி மறைக்காமல் தெரிவது ஓமனில்தான்.

மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் எல்லைக்கு மோஹோ என்று பெயர். கடல்தரையில் துளை போட்டு அதைத் தொட அமெரிக்கர்கள் 1960களில் முயன்று, பாதியில் கைவிட்டார்கள். அடிக்கடல் மேலோடே ஆறேழு கிலோமீட்டர் தடிமன், சும்மாவா? இங்கே வாதி அபியத் என்ற காட்டாற்றுப் பள்ளத்தில் அந்த எல்லையை ஒரு எட்டு வைத்துத் தாண்டலாம். நான் தாண்டியிருக்கிறேன். ஒரு பக்கம் பழுப்புப் பாறை, மறுபக்கம் வரி வரியாகச் சாம்பல் பாறை. விஷயம் தெரியாதவனுக்கு வயல் வரப்பு அளவுக்குக்கூடத் தோன்றாது.

அதே மாதிரி சோஹார் பக்கம் வாதி ஜிஸ்ஸியில், கடலடியில் பீறிட்ட எரிமலைக் குழம்பு தண்ணீர் பட்டுத் தோல் இறுகி, உருண்டை உருண்டையாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உறைந்த சுவர் ஒன்று இருக்கிறது. ரேஷன் கடையில் மூட்டை அடுக்கியது போலவே இருக்கும். அந்தப் பக்கத்து மலைகளில்தான் செம்பு. சுமேரியர்களின் களிமண் பலகைகளில் செம்பு தரும் நாடாக 'மகன்' என்று ஒரு பெயர் வருகிறது, அந்த நாடு இந்தப் பகுதிதான் என்கிறார்கள்.

வெள்ளைக்கல்லுக்கு வருகிறேன். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இந்தக் கவசப் பாறையின் வெடிப்பில் இறங்குகிறது. பாறையில் இருக்கும் மக்னீசியமும் கால்சியமும் அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மக்னீசியம் பிடித்தால் வெள்ளைக்கல், கால்சியம் பிடித்தால் சுண்ணாம்புக்கல். அதனால்தான் என் ஆசிட் ஓரிடத்தில் சீறியது, ஓரிடத்தில் சும்மா இருந்தது. இப்படி ஓமன் மலை தானாகவே ஆண்டுக்கு 10,000 முதல் 1,00,000 டன் வரை கரியமில வாயுவைக் கல்லாக்குகிறது என்று 2008இல் ஒரு கணக்குப் போட்டார்கள். வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பாறைக்குள் இறக்கி, அந்த வேலையை இன்னும் வேகப்படுத்த முடியுமா என்று இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். மலையடிவாரத்தில் சில இடங்களில் அந்த நீர் ஊற்றாக வெளியே வரும். பால் ஊற்றிய நீலம் மாதிரி குட்டை, சுற்றிலும் வெள்ளைப் படலம். பார்க்க அழகு, ஆனால் கையை விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள். சோப்புத் தண்ணீரைவிடக் காரம்.

சேலத்துக் கல்லின் வயது வேறு, பிறந்த கதை வேறு. அது ஏறி வந்த கடல்தரை அல்ல. ஆனால் மக்னீசியம் நிறைந்த பாறையும் தண்ணீரும் கரியமில வாயுவும் சேர்ந்து செய்கிற சமையல் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அப்பா 30 வருடம் அதைத் தட்டித் தட்டி எடுத்தார், யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. நான் போனில் சொன்னபோது, 'அப்போ நாம காத்தைத்தான் வெட்டி எடுத்தோமா?' என்று கேட்டார். பாதி சரிதான், எடைபோட்டால் வெள்ளைக்கல்லில் பாதிக்கு மேல் அந்த வாயு. அதைச் சூளையில் போட்டுச் சுட்டு மறுபடி வானத்துக்கே விட்டுவிடுவோம் என்பதையும் சொன்னேன். சிரித்தார்.

அடுத்து ஜெபல் ஷம்ஸ். பெயருக்குச் சூரிய மலை என்று பொருள். உயரம் சுமார் 3,000 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட 350 மீட்டருக்கு மேல் அதிகம். இந்தப் பக்கத்துப் பாறை கறுப்பல்ல, சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். கடல்தரை ஏறி வருவதற்கு முன்பே இங்கே ஆழமில்லாத கடல் ஒன்று இருந்தது, அதன் அடியில் படிந்தது. பிற்பாடு மொத்தமும் மேலே எழும்பியபோது, மேலே போர்த்தியிருந்த கறுப்புப் பாறை அரித்துப்போய், உள்ளே இருந்த சுண்ணாம்பு வெளியே வந்தது. வெங்காயத்தின் தலையைச் சீவினாற்போல. இன்னும் உள்ளே, வாதி மிஸ்தல் பக்கம் போனால், சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் சுமந்து வந்து போட்ட கற்கள் கிடக்கின்றன. 45 டிகிரி வெயிலில் நின்று பனிக்காலத்துக் கல்லைத் தொட்டுப் பார்க்கலாம்.

அந்தச் சுண்ணாம்பு மலையை வாதி குல் என்ற காட்டாறு ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்துக்கு அறுத்திருக்கிறது. விளிம்பில் ஒரு பழைய கழுதைப் பாதை உண்டு. அல் கிதைமில் தொடங்கி, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெற்றிடம் என்று போய், பாறைக் குடையின் கீழே கைவிடப்பட்ட ஒரு கிராமத்தில் முடியும். கல்வீடுகள், படிப்படியாகப் பாத்திகள், பாறையில் கசியும் நீருக்கு ஒரு தொட்டி. எத்தனையோ வருடமாக ஆளில்லை. பாதையில் நான் உட்கார்ந்து இளைப்பாறிய கல்லில் சிப்பியின் வெட்டுமுகம் இருந்தது, நகத்தால் வரைந்த பிறை மாதிரி.

அங்கேதான் கழுகைப் பார்த்தேன். பறவையை நாம் எப்போதும் கீழே இருந்து, வயிற்றைத்தான் பார்க்கிறோம். இங்கே அது என் காலுக்குக் கீழே 50 அடியில் மிதந்தது. முதுகு வெள்ளை, சிறகு ஓரம் கறுப்பு, முகம் மஞ்சள். சிறகை ஒருமுறைகூட அடிக்கவில்லை. வாலை மட்டும் படகுச் சுக்கான் மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டது. மஞ்சள்முகப் பாறு. நாங்கள் சின்ன வயதில் திருக்கழுக்குன்றத்துக்குப் போனபோது, உச்சிவேளையில் பண்டாரம் கிண்ணத்தோடு காத்திருக்க, எங்கிருந்தோ வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போகுமே, அதே பறவை. அங்கே அது வருவது நின்று பல வருடம் ஆகிறது. இங்கே மஸ்கட் குப்பைக் கிடங்குப் பக்கம் போனால் டஜன் கணக்கில் உட்கார்ந்திருக்கும். தலபுராணம் பெற்ற பறவை குப்பைமேட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். உயிரோடு இருக்கிறதே என்று தேற்றிக்கொள்வேன்.

வரையாட்டையும் சொல்ல வேண்டும். நம் மாநில விலங்கு நீலகிரி வரையாடு. அதற்கு இமயத்தில் ஒரு சொந்தம், இந்த ஹஜர் மலையில் ஒரு சொந்தம் என்று நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணு பார்த்துவிட்டு, மூன்றும் வேறு வேறு குடும்பக் கிளை, உருவம்தான் ஒன்றுபோல என்று பிரித்துவிட்டார்கள். ஓமன் வரையாட்டின் அறிவியல் பெயர் அராபிட்ராகஸ் ஜெயகரி. ஜெயகர் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மஸ்கட்டில் பல வருடம் இருந்த இந்திய மருத்துவர், மராட்டியர். வைத்தியம் பார்த்த நேரம் போக மீன், பல்லி, பாம்பு என்று பிடித்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். அவர் பெயரில் ஒரு கடற்குதிரை உண்டு, மணலில் புதைந்து கிடக்கும் ஒரு பாம்பும் உண்டு. வேலைக்கு வந்த இடத்தில் ரூமுக்கும் சைட்டுக்கும் நடுவே ஆயுளைக் கழிக்கும் எங்களுக்கு அவரை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

அந்த ஆட்டை நான் பார்த்தது ஒரே ஒருமுறை, குரியாத் பக்கம் வேலை நடந்தபோது. எதிர்மலையில் அளவுக்காக வைத்திருந்த ப்ரிசக் கண்ணாடியைத் தேடிக் கருவியின் தொலைநோக்கியைத் திருப்பினால், குறுக்கே ஒரு தாடி! முன்னங்காலிலும் தொங்கு மயிர், கொம்பு பின்னோக்கி வளைந்து, செங்குத்துப் பாறையில் ஒரு கை அகலப் படியில் நின்று மென்றுகொண்டிருந்தது. 30 மடங்கு பெரிதாகத் தெரிந்தது. தலையை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன், ஒன்றுமில்லை, வெறும் பாறை. மறுபடி கண்ணை வைப்பதற்குள் போய்விட்டது. பார்க்க ஒன்றுமில்லை என்ற வரியைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

இடையில் இரண்டு சின்னத் திருத்தங்கள். ஓரிக்ஸ் மான்கள் பாலைவனத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிவதாகக் கட்டுரையில் வருகிறது. ஓமனில் கடைசிக் காட்டு ஓரிக்ஸ் 1972இல் சுடப்பட்டது. மிருகக்காட்சிசாலைகளில் பெருக்கியவற்றை 1982இல் கொண்டுவந்து விட்டார்கள், அந்த இடத்தை யுனெஸ்கோ 1994இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அப்புறம் திருட்டு வேட்டை வந்தது, அரசும் காப்பிடத்தின் பரப்பை 90 சதவீதம் குறைத்தது, 2007இல் யுனெஸ்கோ பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. உலகத்தில் அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். நான் பார்த்த ஓரிக்ஸ் எல்லாம் வேலிக்குள்தான். இரண்டாவது, படத்தின் கீழே 'தனித்து நிற்கும் கருவேல மரம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது காஃப், அதாவது நம் வன்னி. விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, விஜயதசமிக்கு அம்பு போடுகிறோமே, அதே மரம். மணல்மேட்டின் நடுவே வேரை ஆழத்துக்கு இறக்கிப் பச்சையாக நிற்கும். ஆனால் நம் ஊரைக் கெடுத்த சீமைக்கருவேலமும் இங்கே வந்துவிட்டது. வன்னியின் தம்பி மாதிரியே இருப்பதால் குழப்பம் வருவது இயல்பு.

இப்போது வெள்ளம். தயவுசெய்து இதை வெட்டாதீர்கள்.

உங்கள் கட்டுரையில் வாதிகளில் குளிக்கலாம், சிறுவர்களுக்கு ஏற்ற இடம் என்று இருக்கிறது. உண்மைதான். வாதி ஷாப், வாதி பனி காலித் எல்லாம் சொர்க்கம். காலை வைத்தால் விரல் நீள மீன்கள் வந்து பாதத்தைக் கொறிக்கும். அதே மீன் அல் ஹூத்தா குகைக்குள் கண்ணில்லாமல், வெளிறிய ரோஸ் நிறத்தில் வாழ்கிறது. ஆனால் வாதி என்பது குளம் அல்ல, காட்டாறு. மஸ்கட்டில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையே சுமார் 100 மில்லிமீட்டர். அது ஒரே மாலையில் மலை மேல் கொட்டினால், பிடித்து வைக்க அங்கே மண் இல்லை, வேர் இல்லை. வெறும் பாறை. பெய்தது அத்தனையும் பள்ளத்துக்கு ஓடிவரும்.

என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ஆகஸ்ட் மாதம், கிழக்கு மலையில் ஒரு வாதியின் படுகையில், சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் பாக்ஸ் கல்வர்ட்டுக்காகக் குறுக்குவெட்டு மட்டம் எடுத்துக்கொண்டிருந்தோம். நான், அளவுகோல் பிடிக்கும் வங்கதேசத்து ஸ்டாஃப்மேன் ஒருவர், டிரைவர். தலைக்கு மேல் மேகமே இல்லை. தூரத்து மலை முகட்டில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓமானியப் பெரியவர் ஒருவர் கரையிலிருந்து கம்பை ஆட்டி ஆட்டிக் கத்தினார். வெள்ளம் வருகிறது என்று அவர் சொல்லவில்லை, 'வாதி வருகிறது' என்றார். மேலதிகாரி போனில், இன்றைக்கு முடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்றார். இன்னும் நாலு பாயின்ட்தான் பாக்கி. நான் தயங்கினேன். அந்தப் பெரியவர் தயங்கவில்லை. இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

கரை ஏறி ஏழெட்டு நிமிடம் இருக்கும். முதலில் சத்தம். டிப்பர் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம், ஆனால் நிற்காமல். அப்புறம் வளைவில் தண்ணீர் தெரிந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது, காப்பிக் கலரில் ஒரு சுவர், முன்னால் மரக்கிளையும் கேஸ் சிலிண்டரும் உருண்டு வந்தன. எங்கள் முக்காலியும் கருவிப் பெட்டியும் பிக்கப்பும் அரை நிமிடத்தில் போயின. பிக்கப்பை மறுநாள் மூன்று கிலோமீட்டர் கீழே, பேரீச்சந்தோப்பில் தலைகீழாகக் கண்டுபிடித்தோம். ஸ்டாஃப்மேன் இரண்டு நாள் பேசவே இல்லை. கருவிக்கான பணத்தை என் சம்பளத்தில் பிடிக்கப் பார்த்தார்கள், அந்தச் சண்டையை இங்கே எழுதவில்லை.

2007 ஜூனில் கோனு, 2021 அக்டோபரில் ஷாஹீன் என்று புயல்களையும் பார்த்தாயிற்று. ஆனால் புயலுக்கு முன்னறிவிப்பு உண்டு, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஆளைக் கொல்வது இந்தச் சாதாரண மாலை மழைதான். 2024 ஏப்ரலில் ஷர்கியா பகுதியில் வந்த வெள்ளத்தில் வண்டியோடு அடித்துச் செல்லப்பட்டவர்களில் பள்ளிக் குழந்தைகள் மட்டும் பத்துப் பேர். அன்றைக்கு எங்கள் கேம்ப்பில் யாரும் சாப்பிடவில்லை.

நம் ஆட்கள் இப்போது கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறார்கள். வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, போனில் வழி பார்த்து, நேரே வாதிக்குள் இறங்கிப் பாய் விரித்துவிடுகிறார்கள். ஆகவே அடுத்த முறை ஓமன் பற்றி வெளியிடும்போது ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு இதைச் சேருங்கள்: மலைப்பக்கம் மேகம் கட்டினால், இங்கே வெயில் அடித்தாலும் படுகையை விட்டு ஏறிவிட வேண்டும். தண்ணீர் சாலையைக் கடக்கும் இடங்களில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கம்பம் நட்டிருக்கும், ஆழம் பார்ப்பதற்கு. தண்ணீர் ஓடுகிறது என்றால் கம்பத்தைப் பார்த்துக் கணக்குப் போடாமல் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். துணிந்து கடந்தால் இந்த நாட்டுச் சட்டப்படி அபராதமும் சிறையும் உண்டு. ஜெபல் அக்தர் மலைக்கு நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் போனால் போலீஸ் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அங்கே போய்க் கெஞ்சிப் பயனில்லை. வருவதென்றால் நவம்பர் முதல் மார்ச் வரை வாருங்கள். மலை மேல் இரவு தங்கினால் ஸ்வெட்டர் வேண்டும். நான் ஒருமுறை லுங்கியும் பனியனுமாகப் போய், விடிய விடிய வண்டிக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாள் போதுமா என்றால், வாதி அபியத்துக்கு மட்டுமே ஒரு நாள் வேண்டும்.

இத்துடன் ஒரு படம் அனுப்பியுள்ளேன், தரம் சரியாக இருந்தால் வெளியிடலாம். அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் மேஜை மேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த வெள்ளைக்கல் ஒன்றை வரும்போது எடுத்து வந்தேன். என் பழைய கட்டிங் இப்போதும் அப்படியே இருக்கிறது, லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தப் பாறை முகத்தில் நரம்புக்குப் பக்கத்தில் கல்லைப் பிடித்து எடுத்த படம். அளவு தெரிய நடுவில் 50 பைசா நாணயம் வைத்திருக்கிறேன், ஓமன் பைசா. இடது பக்கம் இருப்பது சேலம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ரூவி, மஸ்கட்
(சொந்த ஊர் சேலம்)